கடைசிப் பக்கத்து முத்திரை

எந்த வீட்டுக் கருமாதியிலும் அவர் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். சாப்பிட்டுக் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, செத்தவரின் மூத்த பிள்ளை எங்கே நிற்கிறான் என்று கண்ணால் தேடுவார். அவனிடம் போய், அவன் அழுது சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டுவார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"நிலம் இப்ப யார் பேர்ல இருக்கு?"

துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவர் கேட்பார். பதில் வராமல் நகரவும் மாட்டார். அதனால்தான் எங்கள் தீவுக் கிராமமான சேன் பியேரில் அவருக்கு மதாம் பாப்பியே என்று பெயர் வைத்திருந்தார்கள். பாப்பியே என்றால் காகிதம். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான், என் அப்பா. நாங்கள் பிள்ளைகள், உறவு இல்லையென்றாலும், பெரியம்மா என்று கூப்பிட்டோம்.

எங்கள் வீட்டில் பேசியது கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த தீவு மொழி. தமிழ் கோயிலோடு சரி. பெரியம்மா இரண்டையும் கலந்து பேசுவார். அவர் பேச்சை இங்கே தமிழாகவே எழுதுகிறேன். பிற்காலத்தில் கோயில் பள்ளியில் இருபது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்த உரிமையையாவது எடுத்துக்கொள்கிறேன்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எண்கள் தெரியும், முத்திரை தெரியும், அவ்வளவுதான். பக்கத்து ஊரான மோகாவில் ஒரு நொத்தேர் வீட்டில் துணி தேய்க்கிற வேலை பார்த்தார். நிலப் பத்திரமெல்லாம் எழுதுகிறவர் நொத்தேர். தேய்க்கிற அறைக்கும் அந்த ஐயா வந்தவர்களிடம் பேசுகிற அறைக்கும் நடுவில் ஒரு மரத் தடுப்பு. அதற்கு இந்தப் பக்கம் நின்று, சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே, யார் எதை இழந்தார்கள், எதனால் இழந்தார்கள் என்று பல வருடம் கேட்டிருக்கிறார். படித்தவர்களுக்குத் தெரியாத சட்டமெல்லாம் அவருக்குத் தெரிந்தது இப்படித்தான்.

பத்திரத்தைக் கையில் கொடுத்தால் முதல் பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நேராகக் கடைசிப் பக்கம். அங்கே தலைநகர் போர்ட் லூயிஸ் பதிவு அலுவலகத்தின் முத்திரையும், புத்தக எண்ணும், வரிசை எண்ணும் இருக்க வேண்டும். இருந்தால் பத்திரத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பார். இல்லாவிட்டால் ஒரு கையால் கொடுப்பார். "இது வெறும் கடுதாசி. கடலை மடிச்சுத் தின்னு" என்பார்.

எங்கள் ஆட்கள் பத்திரத்தை வைத்திருந்த அழகையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் பிள்ளைகள், கரும்புத் தோட்டத்துக்காரர்கள் கல்லும் மேடுமான ஓரங்களை விற்றபோது வாங்கிய நிலம் அது. அர்ப்பான் என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர். கால் அர்ப்பான், அரை அர்ப்பான், ஒரு வீடும் நாலு வாழையும் கொள்ளும். அந்தப் பத்திரத்தை மஞ்சள் துணியில் சுற்றி முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். பொங்கலுக்கும் வருஷப் பிறப்புக்கும் வெளியே எடுத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவார்கள். வாங்கின தாத்தா செத்து, அவர் பிள்ளை செத்து, பேரன் தலையும் நரைத்திருக்கும். பத்திரத்தில் தாத்தாதான் இருப்பார், கழுத்துவரை குங்குமத்தோடு.

பக்கத்துத் தெரு வீராசாமி மாமா வீட்டில் ஒரு பொங்கலன்று பெரியம்மா அந்த மஞ்சள் துணியைப் பிரித்தார். கடைசிப் பக்கத்தில் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் முப்பது வருடத்துக் குங்குமம். தண்ணீர் பட்டு ஊறி, மை கலைந்து, ஒரு எண்கூடத் தெரியவில்லை.

"சாமி கும்பிட்டது போதும், தம்பி. நம்பரைக் காட்டு."

"அக்கா, இது எங்க தாத்தாவோட கையெழுத்துப் பட்ட காகிதம்."

"தாத்தா போய் எத்தனை வருஷம் ஆச்சு? உன் பேரை ஏத்தலையா?"

மாமா பதறிப்போனார். "தாத்தா பேரை எடுக்கிறதா? அது அவரை வீட்டை விட்டு வெளிய அனுப்புற மாதிரி, அக்கா."

"அவரை யார் அனுப்பச் சொன்னா? அவர் முதல் வரியில சௌக்கியமா இருக்கட்டும். அதுக்குக் கீழ் வரியில நீ வரணும். இல்லைன்னா நாளைக்கு உன்னைத்தான் வெளிய அனுப்புவாங்க."

எங்கள் ஊரில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் வீராசாமி மாமாதான். பெயர் மாற்றுவது செத்தவருக்குச் செய்கிற துரோகம் என்று மனசார நம்பினார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, சோம்பல்கூட முழுக் காரணம் இல்லை. பாசம்தான். அந்தப் பாசத்தை என்ன செய்வது என்றுதான் பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. சோம்பேறியை விரட்டலாம், தாத்தாவைக் கும்பிடுகிறவனை எப்படி விரட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகும்போது தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே முணுமுணுப்பார். மந்திரம் சொல்கிறார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் நடந்தபோது காதில் விழுந்தது. "மூலை வீடு, செத்தவன் பேர்ல. அடுத்தது சரி. அடுத்தது அண்ணன் தம்பி, வாய்ப்பேச்சு. அடுத்தது சரி. மாமரத்து வீடு, விதவை, அவ பேர் இல்லை." தெரு முழுக்க இப்படியே. யாராவது செத்தாலோ வாங்கினாலோ விற்றாலோ மறு ஞாயிறு அந்த வரி மாறிவிடும். போர்ட் லூயிஸ் புத்தகம் பத்து வருடம் பின்தங்கியிருக்கும், இவர் வாய் ஒரு வாரம்கூடப் பின்தங்கியதில்லை.

எங்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் முணுமுணுப்பை நிறுத்திக்கொள்வார். ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

அவர் நியாயம் சில நேரம் பயங்கரமாக இருக்கும். ஒரு வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு தங்கை. தங்கை வேற்றுச் சாதி லாரி டிரைவர் ஒருவனோடு தீவின் தெற்கே சுரினாம் என்ற கிராமத்துக்குப் போய்விட்டாள். அப்பன் செத்ததும் அண்ணன்மார் இவரிடமே வந்தார்கள். பெயர் மாற்ற வேண்டும், நொத்தேரிடம் கூட்டிப் போங்கள் என்று. பெரியம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம், அவர் சொல்லாமலே ஒரு வீடு கிளம்பிவிட்டதே!

"வாரிசு எத்தனை பேர்?"

"மூணு பேர், அக்கா."

"தங்கச்சி?"

"அவ எங்களைப் பொறுத்தவரைக்கும் செத்துட்டா."

"அப்படியா? சாவுச் சீட்டைக் காட்டு."

மூத்தவன் கெஞ்சிப் பார்த்தான். ஊருக்கே தெரிந்த கதை, அவளும் கேட்டு வரப்போவதில்லை, அம்மா மானத்துக்காகவாவது விட்டுவிடுங்கள் என்றான். "பாவம் பார்த்து எழுதுற பொய்யும் பொய்தான்டா. எழுதினவன் மறந்துடுவான். புத்தகம் மறக்காது. என்னிக்கோ ஒரு நாள் அது யார் தலையிலயாவது விழும்" என்று சொல்லி எழுந்துவிட்டார். அதோடு விட்டாரா? மறு வாரம் பஸ் மாறி மாறிச் சுரினாமுக்குப் போய், கரும்புக்கு நடுவில் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் பிடித்து, "உனக்கு நாலில ஒரு பங்கு இருக்கு, வந்து கையெழுத்துப் போடு" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துத் திரும்பினார். அந்த மூன்று வீடும் அவர் சாகும்வரை அவரோடு பேசவில்லை. அவருக்கு வருத்தம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைக் கடக்கும்போது "சரி" என்று சொல்வதில் ஒரு திருப்தி தெரியும். உண்மையைச் சொல்கிறேன், அந்த வயதில் அவரை எனக்குப் பிடிக்காது. பார்த்தாலே பயமாக இருக்கும்.

கல்யாண வீட்டில் இன்னும் மோசம். விதவை என்பதால் பந்தலுக்குள் வரமாட்டார். வாசல் கம்பத்தின் ஓரம் நின்று, மாப்பிள்ளையோ பெண்ணோ வெளியே வரும்போது பிடித்துக்கொள்வார். வாழ்த்து இல்லை, ஒன்றுமில்லை. "சிவில் ஆச்சா?" என்பார்.

இதை விளக்க வேண்டும். அந்த நாள் சட்டத்தில் கோயில் கல்யாணம் கல்யாணமே இல்லை. சிவில் ஆபீஸ் புத்தகத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் புருஷன் பெண்டாட்டி. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதைச் செய்யவில்லை. தாலி கட்டியாயிற்று, ஊர் சாப்பிட்டாயிற்று, அதற்கு மேல் என்ன என்று இருந்துவிட்டார்கள். புருஷன் செத்தால், தாலி மட்டும் கட்டிக்கொண்டவளுக்கு அவன் நிலத்தில் ஒரு பிடி மண்ணும் கிடையாது. பிள்ளைகளின் பங்கும் குறையும். செத்தவனின் கூடப்பிறந்தவன் சட்டப்படி உள்ளே வரலாம்.

என் அப்பாவும் அம்மாவும் அந்தப் பாதியில் இருந்தவர்கள்.

கரும்பு வெட்டுகிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஆலைக்கு முன் கூடிய வருடம் நான் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள். எனக்குப் பின் நாலு பேர். அப்பா ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை. அரை அர்ப்பான் நிலம் அவர் பெயரில், அதில் நாங்கள் இருந்த தகர வீடு. எல்லை தாண்டிச் சித்தப்பாவின் வீடு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு கொய்யா மரம் தொடங்கிப் பேச்சு நின்று வருடக்கணக்காகிவிட்டது. அப்பா போய்விட்டால் யார் எல்லை தாண்டி வருவார் என்பது எங்கள் வீட்டு நாய்க்கே தெரியும்.

பெரியம்மா வருடத்துக்கு இரண்டு தரமாவது வந்து அப்பாவிடம் கேட்பார். அப்பா ஒவ்வொரு தரமும் மறுப்பார்.

"முருகன் சன்னிதியில தாலி கட்டினவன் நான். எவனோ ஒருத்தன் புத்தகத்துல எழுதினாத்தான் இவ எனக்குப் பெண்டாட்டியா? அப்ப இத்தனை வருஷம் இவ யாரு?"

அதில்தான் அவருக்கு வலி. இப்போது போய்க் கையெழுத்துப் போட்டால், இதுவரை அம்மா பெண்டாட்டி இல்லை என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அம்மாவை அவமானப்படுத்துகிறோம் என்று நினைத்தார். அம்மா என்ன நினைத்தாள் என்று அவர் கேட்கவில்லை. ஒரு தரம் கோபம் முற்றி, "மதாம் பாப்பியே! அடுத்தவன் எப்பச் சாவான்னு பார்த்துக்கிட்டு இருக்கிற காக்கா நீ. என் வாசலை மிதிக்காதே" என்று கத்தினார். பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்து அதே செருப்போடு வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

எனக்குப் பதினேழு வயதில் அப்பா படுத்தார். நெஞ்சில் சளி என்றார்கள், பிறகு சளி இல்லை என்றார்கள். மருத்துவர் அம்மாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். சித்தப்பா, வருடக்கணக்காக வராதவர், பழம் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்து கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஜன்னல் வழியே கொய்யா மரத்தைப் பார்த்தார். அவர் போன பிறகு அம்மா அந்தப் பழத்தை எங்களுக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் பெரியம்மா வந்தார். கேள்வி கேட்கவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தாலியை எடுத்துக் கட்டில் விளிம்பில் வைத்தார். பொட்டு தேய்ந்து மழுங்கியிருந்தது.

"தம்பி, என் மனுஷனும் முருகன் சன்னிதியிலதான் கட்டினாரு. பிளேன் மாக்னியன் ஊர்ல. பதினெட்டு வருஷம். பிள்ளை இல்லை. வீடு நாங்க ரெண்டு பேரும் கல் சுமந்து கட்டினது. பதினாறாம் நாள் சாப்பாடு முடிஞ்சதும் அவர் அண்ணன் தம்பிங்க பத்திரத்தைக் கொண்டாந்து வெச்சாங்க. கல்யாணத்துக்கு யார் சாட்சின்னு நொத்தேர் கேட்டாரு. முருகன்னு சொன்னேன்."

அப்பா கண்ணை மூடியிருந்தார்.

"முருகன் சாட்சிதான், தம்பி. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா நொத்தேர் வீட்டுக்கு முருகன் வரலை."

அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். என் வாழ்நாளில் அப்பாவுக்கு எதிராக அவள் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினாள். "எனக்கு அவமானம் இல்லைங்க. எழுதிக் கொடுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, மருத்துவர் சீட்டைக் காட்டிப் பெரியம்மா ஏற்பாடு செய்திருந்தபடி, சிவில் ஆபீசர் பெரிய புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நாங்கள் ஐந்து பேரும் வரிசையாக, எங்கள் அம்மா அப்பா கல்யாணத்தைப் பார்த்தோம். இந்தப் பிள்ளைகள் உங்களுடையவர்கள்தானா என்று ஆபீசர் கேட்டபோது கடைசித் தம்பி அவசரமாக "வி, மிஸ்யே", ஆமாம் ஐயா, என்று பதில் சொல்லிவிட்டான். அப்பா சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் அடங்கும்வரை ஆபீசர் பேனாவை மூடாமல் காத்திருந்தார்.

அப்பா கையெழுத்துப் போட்டார். எழுதத் தெரியாத அம்மா கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போட்டாள்.

பெரியம்மா உள்ளே வரவில்லை. கல்யாணம் நடக்கிற இடமாயிற்றே. குழாயடியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். அம்மா வெளியே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "குறி ஒழுங்கா விழுந்துதா? மை காயறவரைக்கும் புத்தகத்தை மூடலையே?" என்றார் அவர். அவ்வளவுதான் வாழ்த்து.

அப்பா பன்னிரண்டு நாள் இருந்தார். கருமாதியன்று சித்தப்பா ஒரு பெரிய மனுஷனைக் கூட்டிக்கொண்டு வந்து, நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். அம்மா முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்து வந்து கொடுத்தாள். குங்குமம் எதுவும் இல்லை. வந்த மனுஷன் இரண்டு முறை படித்தான். சித்தப்பா தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். பெரியம்மா கடைசிப் பந்தியிலிருந்து எழுந்து வந்து, கை கழுவி, மூத்தவளான என்னிடம் கேட்டார். "நிலம் இப்ப யார் பேர்ல இருக்கு?"

எனக்கு அன்று பயம் வரவில்லை. "அப்பா பேர்ல, பெரியம்மா. மாத்தணும்" என்றேன்.

ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம். நொத்தேர் எழுதி முடித்த பிறகு, பதிவான பக்கத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று அம்மாவையும் என்னையும் போர்ட் லூயிசுக்கு இழுத்துப் போனார். குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பெரிய புத்தகத்தைத் திறந்தான். "வாசிச்சுக் காட்டு" என்றார் பெரியம்மா. அவன் வாசித்தான். அம்மா தன் பெயர் எங்கே என்று கேட்டு, அந்த வரியில் விரலை வைத்தாள். இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. இரண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறு ஞாயிறு எங்கள் வீட்டைக் கடக்கும்போது பெரியம்மா முணுமுணுப்பை நிறுத்தவில்லை. "அடுத்தது சரி" என்று சத்தமாகவே சொன்னார்.

அவருக்கென்று நிலம் கிடையாது. மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு வாடகை அறை, தேய்ப்புப் பெட்டி, ஒரு கட்டில். தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே இரண்டு கட்சியாக நின்று சண்டை போட்டபோது, "வரட்டும். வந்ததும் யார் பேர்லன்னு எழுதி முத்திரை வெச்சாச்சான்னு பாருங்க" என்றார். கொடி ஏற்ற இன்னும் சில வாரம் இருந்தது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

சாவைப் பதிய சிவில் ஆபீசுக்கு நான்தான் போனேன். உறவு என்று வேறு யார் இருந்தார்கள்? அங்கிருந்த இளைஞன் எங்கள் ஊர்க்காரன். அவன் அம்மா பெயர் வீட்டுப் பத்திரத்தில் ஏறியதே பெரியம்மா நச்சரித்ததால்தான். பெயர், வயது, தகப்பன் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தான். கல்யாணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"விதவைன்னு எழுதிடறேன், டீச்சர்" என்றான் மெதுவாக. "ஊருக்கே தெரியும். யார் வந்து கேட்கப்போறாங்க?"

முந்தானை முடிச்சில் இருந்த தாலி அப்போது என் கைப்பையில் இருந்தது. பதினெட்டு வருடம் வாழ்ந்தவர். கல் சுமந்தவர். அதற்குப் பின் செத்தவனுக்காக முப்பது வருடம் வெள்ளைப் புடவை கட்டினவர், அவனுக்காகவே கல்யாணப் பந்தலுக்கு வெளியே நின்றவர். ஒரு சொல் எழுதினால் போதும், கடைசியாகவாவது அவர் அவனுக்குப் பெண்டாட்டி ஆகிவிடுவார். எழுது என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

பாவம் பார்த்து எழுதுற பொய்.

"வேண்டாம்" என்றேன். "கல்யாணம் ஆகாதவர்னு எழுது."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு எழுதினான். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. முடித்துப் புத்தகத்தை மூடப்போனவனை நிறுத்தி, மை காயட்டும் என்றேன். வாசித்துக் காட்டச் சொன்னேன்.

வாசித்தான். சரியாக இருந்தது.